காற்றாடி சுற்றும் ஊரில் கரண்டு பில் ஏன் ஏறுகிறது?

திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடியில் எங்கள் பெரியம்மை வீட்டுப் புறவாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும். மலைக்கும் வீட்டுக்கும் நடுவே எண்ணி முடியாத காற்றாடிகள். கோடை விடுமுறைக்கு மகள் பிள்ளைகளோடு வந்து தங்கிய அந்த இரண்டு மாதத்துக்குப் பெரியம்மை வீட்டு மீட்டரில் 512 யூனிட் ஓடியிருந்தது. செல்போனுக்கு வந்த குறுஞ்செய்தியை நான்தான் படித்துச் சொன்னேன்: 2,141 ரூபாய்.

"ஏலே, பொறவாசல்ல நின்னு பாத்தா இம்புட்டுக் காத்தாடி சுத்துது. கரண்டு இங்கனதான் வெளையுது. பொறவு நமக்கு ஏம்ல இம்புட்டு ரூவா போடுதாவ?"

காற்றாடி மட்டுமல்ல. தென்கிழக்கே கூடங்குளத்தில் அணு உலை, வடமேற்கே பாபநாசத்தில் நீர்மின் நிலையம், தூத்துக்குடியில் அனல்மின் நிலையம், கங்கைகொண்டானில் சோலார் தகடு செய்யும் ஆலை. இத்தனை வகை மின்சாரத்துக்கு நடுவில் குடியிருப்பவர்கள் தமிழ்நாட்டில் வேறு எங்கும் அதிகம் இருக்க மாட்டார்கள். பெரியம்மை கேட்ட கேள்வி நியாயமானது. பதில் ஒரே வரியில் அடங்காது.

முதலில் அந்த 512 யூனிட்டையே பார்ப்போம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2024 ஜூலையில் வந்த விகிதப்படி, 500 யூனிட்டுக்குள் நிற்கிற வீடு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30 கட்ட வேண்டும். சரியாக 500 யூனிட் எரித்தால் 1,805 ரூபாய். ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் இரண்டாவது நூறுக்குக் கிடைத்த அந்த 2.35 சலுகை போய்விடும். அதற்கும் 4.70 விழும். ஆகவே 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. கடைசியாக ஓடிய அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய். பெரியம்மை கூடுதலாக எரித்தது 12 யூனிட். அதற்காகக் கட்டியது 336 ரூபாய்.

இந்தப் படி முன்பு இன்னும் உயரமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 10-க்கு முன்பு, நிலைக்கட்டணத்தையும் சேர்த்து 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். 501 ஆனால் 1,786 ரூபாய். ஒரு யூனிட்டில் 650 ரூபாய்க்கு மேல் தாவும். இன்று தாவல் சின்னது. ஆனால் தாவுவதற்கு முன்பே நிற்கிற தரை உயர்ந்துவிட்டது. 200 யூனிட் வீட்டுக்கு 170 ரூபாய் இருந்தது 235 ஆனது. 400 யூனிட் வீட்டுக்கு 830 இருந்தது 1,175 ஆனது. 500 யூனிட் வீட்டுக்கு 1,130 இருந்தது 1,805 ஆனது. ஏறத்தாழ 60 விழுக்காடு. பெரியம்மையைப் போல 512 எரிக்கிற வீட்டுக்குப் பழைய கணக்கில் 1,859, இப்போது 2,141, 15 விழுக்காடுதான். அதாவது ஏற்றத்தின் பெரிய எடை விழுந்தது 400-க்கும் 500-க்கும் இடையே இருக்கிற வீட்டின் மேல். ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு மூன்று ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், கிணற்று மோட்டார், கோடையில் மட்டும் கொஞ்சம் ஏசி: பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் இருக்கிற சாதாரண மாதச் சம்பளக்காரர் வீடு அது. பணக்கார வீடு என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, 2022-இல் ஏன் அப்படி ஒரேயடியாக ஏற்றினார்கள்? அதற்கு முந்தைய ஏற்றம் 2014 டிசம்பரில். நடுவே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கட்டணம் அசையவே இல்லை. அந்த எட்டு ஆண்டில் நிலக்கரி விலை அசையாமல் இருந்ததா? டாலர் இருந்ததா? கம்பி, டிரான்ஸ்பார்மர், ஊழியர் சம்பளம்? எல்லாம் ஏறின. வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை மின்வாரியம் கடன் வாங்கி நிரப்பியது. 2022-இல் கட்டண உயர்வை அறிவித்தபோது அரசே சொன்ன கணக்கு இது: 2011-12-இல் 43,493 கோடி ரூபாயாக இருந்த கடன், பத்து ஆண்டில் 1,59,823 கோடி. வட்டி மட்டும் 4,588 கோடியிலிருந்து 2020-21-இல் 16,511 கோடி. வட்டியில் ஒரு பல்புகூட எரியாது. ஆனால் நாம் கட்டுகிற ஒவ்வொரு பில்லிலும் அந்த வட்டி உட்கார்ந்திருக்கிறது.

கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருப்பது மக்களுக்குச் செய்கிற நன்மை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஆண்டுக்கு ஐம்பது, நூறு என்று ஏறியிருந்தால் வீடுகள் சமாளித்திருக்கும். அதைத் தள்ளிப் போட்டவர்கள் நம் பெயரில் கடன் எழுதி, வட்டியோடு நம்மிடமே வசூலித்தார்கள். இனி அப்படி நடக்காமலிருக்கத்தான் 2022 உத்தரவில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம், விலைவாசிக் குறியீட்டையொட்டி ஆண்டுதோறும் ஜூலையில் கட்டணம் ஏறும், அது 6 விழுக்காட்டைத் தாண்டாது என்று வைத்தது. 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 விழுக்காடு என்று ஏறியது. இதில் 2023, 2025 ஏற்றங்களை வீடுகளுக்கு அரசு ஏற்றுக்கொண்டது. அதுவும் வரிப்பணம்தான் என்றாலும், கடனாக விடாமல் அந்தந்த ஆண்டே கொடுப்பது மேல்.

இனி காற்றாடிக்கு வருவோம். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரத்திலும், கயத்தாற்றிலும், தென்காசிப் பக்கம் சுரண்டை, ஆலங்குளம் காடுகளிலும் நிற்கிற காற்றாடிகளில் மிகப் பல தனியாருடையவை. கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகள் தங்கள் சொந்த உபயோகத்துக்காக இங்கே நிலம் வாங்கி நட்டவை அவற்றில் ஏராளம். நம் கண் முன்னால் சுற்றுகிற இறக்கை கொடுக்கும் யூனிட், கணக்கில் அந்த ஆலையின் மீட்டரில் கழிகிறது. காற்றுக் காலத்தில் மிஞ்சும் யூனிட்டை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, காற்றில்லாத மாதத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் பழைய காற்றாடிகளுக்கு உண்டு. ஆடி மாதம் கொடுத்த யூனிட்டைப் பங்குனியில் கேட்டால், அந்தப் பங்குனி யூனிட்டை வாரியம் வேறெங்காவது கூடுதல் விலைக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும். காற்றாலை வைத்தவர்கள் ஊர் பெயர் தெரியாத காலத்தில் துணிந்து முதல் போட்டவர்கள். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. காற்றாடி இருக்கும் ஊருக்கும் அதன் கரண்டு போகும் கணக்குக்கும் தொடர்பு இல்லை என்பதைத்தான் பெரியம்மைக்கு விளக்க வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் பருவம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் காற்று வீசுவது தென்மேற்குப் பருவத்தோடு. வைகாசிக் கடைசியில் கிளம்பி, குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் உச்சத்துக்குப் போய், புரட்டாசி, ஐப்பசியில் அடங்கும். தமிழ்நாட்டில் நிறுவியிருக்கும் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் மின்சாரம் அதிகம் வேண்டியிருப்பது காற்று வருவதற்கு முன்னால். மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது 2024 மே 2 அன்று. சித்திரை மாதம். அந்த நேரத்தில் பணகுடியில் காற்றாடி இறக்கை சோம்பி நிற்கும்.

பகலில் சோலார் கை கொடுக்கிறது. மாலை ஆறரை மணிக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் அதுவும் முடிந்தது. அப்போதுதான் வீடு திரும்புகிறவர்கள் விளக்கைப் போட்டு, டிவியைப் போட்டு, ஏசியைப் போடுகிறார்கள். இரவு பதினொன்று வரை இதே பாடு. நாடு முழுக்கவே அந்த நேரத்தில் தட்டுப்பாடு இருப்பதால், மின்சாரச் சந்தையில் பகலில் மலிவாகக் கிடைத்த யூனிட்டின் விலை அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பையே தொடும். 2023 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு யூனிட்டுக்கு 10 ரூபாய். 10 ரூபாய்க்கு வாங்கி, வழியில் கம்பியில் வீணாவதையும் பொறுத்துக்கொண்டு, 4.70-க்கும் 6.30-க்கும் விற்க வேண்டும். ஆடி மாதத்து மலிவுக் காற்று இந்தச் சித்திரை மாலைக்கு உதவுவதில்லை. பெரிய அளவில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரியோ, நீரை மேலே ஏற்றிவைத்து வேண்டும்போது இறக்கும் நிலையங்களோ போதுமான அளவு வரும் வரைக்கும் இது தீராது. நம் பில்லைத் தீர்மானிப்பது வருடம் முழுவதும் விளைகிற மலிவு யூனிட்டைக் காட்டிலும், அந்த நாலரை மணி நேரத்தில் வாங்குகிற விலை கூடிய யூனிட் என்பதே என் எண்ணம்.

கூடங்குளத்தைப் பற்றி ஊரில் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு: உலை நம் ஊரில், ஆகவே கரண்டு நமக்கு. அது மத்திய அரசின் நிலையம். ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. இரண்டின் மின்சாரத்தில் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ பாதி. மீதி கர்நாடகம், கேரளம், புதுச்சேரி என்று போகிறது. அந்தப் பாதியையும் மாநிலம் யூனிட் கணக்கில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறது. இடிந்தகரையிலும் சென்னையிலும் ஒரே கட்டணம்தான். உலையை மடியில் வைத்திருக்கிற ஊர்களுக்கு ஏதாவது ஒரு சலுகை இருக்கலாமே என்று எனக்கும் தோன்றும். கட்டண விகிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

பாபநாசம் நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கியது. பைகாரா, மேட்டூருக்கு அடுத்து வந்த பழைய நிலையம். தாமிரபரணித் தண்ணீரில் சுற்றுவதால் எரிபொருள் செலவு கிடையாது. ஆனால் மொத்தத் திறன் 32 மெகாவாட். மாநிலத்தின் உச்சத் தேவையில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. அதுவும் கார், பிசானம் என்கிற இரண்டு நெல் பருவத்துக்கும் தண்ணீர் திறக்கும் கணக்கைப் பொறுத்தது. வயலுக்குத்தான் முதல் உரிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

அப்படியானால் மீதி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நிலக்கரி. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு வரும் கரியின் பயணத்தை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். ஒடிசாவில் தால்சேர் சுரங்கத்தில் வெட்டுகிறார்கள். ரயிலில் பாரதீப் துறைமுகம். அங்கே கப்பலில் ஏற்றி வங்கக்கடல் வழியாகத் தூத்துக்குடி. சுரங்க விலை ஒரு பங்கு என்றால் ரயில் கூலி, துறைமுகக் கூலி, கப்பல் வாடகை எல்லாம் அதன் தலையில் ஏறிக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி உண்டு, ஆனால் இந்த வகைக் கரி இல்லை. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே நிலையம் வைத்திருக்கிற வடமாநிலங்களோடு ஒப்பிட்டு "அங்கே மட்டும் எப்படி மலிவு" என்று கேட்கிறவர்கள் இந்தத் தூரத்தை மறந்துவிடுகிறார்கள்.

உள்நாட்டுக் கரி போதாதபோது வெளிநாட்டிலிருந்து. 2022-இல் உக்ரைன் போருக்குப் பிறகு உலகச் சந்தையில் நல்ல கரியின் விலை டன்னுக்கு 400 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டுதான், வெளிநாட்டுக் கரியை 10 விழுக்காடு கலந்தே எரிக்க வேண்டும் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. அந்த ஆண்டேதான் நம் கட்டணமும் ஏறியது. டாலர் 2014-இல் 60 ரூபாய் அளவில் இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டிவிட்டது. டாலர் ஏறினால் வெளிநாட்டில் கரி விலை அசையாவிட்டாலும் நமக்கு ஏறும்.

விவசாயத்துக்குக் கொடுக்கும் இலவச மின்சாரத்தால்தான் வீட்டுக்காரனுக்கு விலை ஏறுகிறது என்று டீக்கடையில் அடிக்கடி கேட்கிறேன். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது அது. தாமிரபரணி வாய்க்கால் பாசனம் இருக்கிற சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்துக்கு மோட்டார் தேவை குறைவு. கிணற்றை மட்டும் நம்பியிருக்கிற மானூர், ராதாபுரம் விவசாயிக்கு அந்த மோட்டார் நின்றால் பயிர் நின்றது. அவருடைய மின்சாரத்துக்கு உரிய பணத்தை அரசு மானியமாக வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். போதாததைக் கடைக்காரரும் ஆலைக்காரரும் கூடுதல் கட்டணமாகச் சுமக்கிறார்கள். அவர்கள் அதைப் பொருள் விலையில் வைப்பார்கள். அந்த வழியில் கொஞ்சம் நம் வீட்டுக்கு வருகிறது, உண்மைதான். விவசாயியின் மேல் கோபப்பட அதில் எதுவும் இல்லை.

அடுப்புக்கு வருகிற கேஸ் கதை வேறு. அதை ஆளுவது சவுதி அரேபியா. இந்தியா எரிக்கிற சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு கப்பலில் வருகிறது. சவுதியின் எண்ணெய் நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கிற புரோப்பேன், பியூட்டேன் விலைதான் இங்கே அடிப்படை; அதற்கு மேல் கப்பல் வாடகை, டாலர் மதிப்பு, நிரப்பும் செலவு, ஏஜென்சியின் பங்கு, 5 விழுக்காடு வரி. சென்னைக் கணக்கில் 14.2 கிலோ சிலிண்டர் 2020 நவம்பரில் 610 ரூபாய். 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. இரண்டே கால் ஆண்டில் 500 ரூபாய் ஏற்றம். அந்த ஆகஸ்டில் 200 குறைத்தார்கள். 2024 மார்ச்சில், தேர்தலுக்கு முன்னால், இன்னும் 100 குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 கூடி 868 ரூபாய் 50 காசு ஆனது.

இதைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சிலிண்டர் விலை உலக விலையோடு மாதம் தவறாமல் ஏறி இறங்குவதில்லை. சில காலம் பிடித்து வைக்கிறார்கள், சில காலம் விடுகிறார்கள். பிடித்து வைத்த காலத்து நட்டத்துக்கு எண்ணெய் நிறுவனங்களுக்கு 2022-இல் 22,000 கோடியும் 2025-இல் 30,000 கோடியும் மத்திய அரசு ஒதுக்கியது. மின்வாரியத்தில் நடந்ததற்கு இது தம்பி. 2020-க்கு முன்பு வங்கிக் கணக்கில் மானியமாக விழுந்துகொண்டிருந்த பணம் பெரும்பாலான வீடுகளுக்கு நின்றே போனது. ஏழை வீட்டுப் பெண்களுக்கான உஜ்வலா திட்டத்தில் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 2023 அக்டோபரிலிருந்து சிலிண்டருக்கு 300 ரூபாய் கிடைக்கிறது.

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றுகிற பெண்கள் வீட்டுக்குப் போனால், கேஸ் அடுப்பு இருக்கும், பக்கத்திலேயே விறகடுப்பும் இருக்கும். குழம்பும் டீயும் கேஸில். வெந்நீரும் நெல் அவிப்பதும் உடைமர விறகில், பனை மட்டையில். ஒரு சிலிண்டரை இரண்டு மாதத்துக்கு இழுக்க அவர்கள் கண்ட வழி அது. புகையிலைத் தூசியில் நாள் முழுவதும் உட்கார்ந்தவர், அந்தியில் விறகுப் புகையில் உட்காருகிறார். கேஸ் விலை ஏற்றத்தின் செலவு அந்த வீட்டில் ரூபாயில் தெரியாது, இருமலில் தெரியும்.

பெரியம்மைக்கு ஒரு நம்பிக்கை. மாதாமாதம் ரீடிங் எடுத்தால் பாதியாகக் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2021 தேர்தலின்போது வந்த வாக்குறுதி அது. நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மாதம் 200, அடுத்த மாதம் 312 என்று வைத்துக்கொள்வோம். இலவச யூனிட்டையும் படிகளையும் மாதத்துக்கு ஏற்றபடி பாதியாக்கினால் முதல் மாதம் 587 ரூபாய் 50 காசு, அடுத்த மாதம் 1,553 ரூபாய் 40 காசு. கூட்டினால் 2,140 ரூபாய் 90 காசு. இரண்டு மாதக் கணக்கில் காசு வரை பார்த்தால் வரும் 2,140 ரூபாய் 80 காசைவிடப் பத்துக் காசு அதிகம்! இலவச 100 யூனிட்டையும் படிகளையும் குறைக்காமல் அப்படியே மாதத்துக்குக் கொடுத்தால் மட்டுமே பெரிய நிவாரணம். அப்படிக் கொடுத்தால் அந்தப் பணத்தை அரசுதான் வாரியத்துக்குக் கட்ட வேண்டும். ஆனாலும் மாதக் கணக்கு வர வேண்டும் என்றே நான் சொல்வேன். இரண்டாயிரம் ரூபாயை ஒரே நேரத்தில் புரட்டுவதும் ஆயிரம் ஆயிரமாகக் கட்டுவதும் மாதச் சம்பள வீட்டுக்கு ஒன்றல்ல.

வீட்டுக்குள் செய்யக்கூடியதில் பலரும் ஏசியையே பேசுவார்கள். நான் ஃபேனைச் சொல்வேன். பழைய ஃபேன் 75 வாட். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். புதிதாக வருகிற 30 வாட் ஃபேன் அதே வேலைக்கு 27 யூனிட். இரண்டு ஃபேனை மாற்றினால் 80 யூனிட் மிச்சம். 512 என்பது 432 ஆகும், 2,141 என்பது 1,377 ஆகும். மாடியில் ஒரு கிலோவாட் சோலார் போட்டால் நாளுக்கு நாலு யூனிட் வரை கிடைக்கும். பிரதமர் பெயரில் 2024-இல் வந்த திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது சொந்த வீடும் கான்கிரீட் தளமும் கையில் மீதிப் பணமும் உள்ளவருக்கு. ஓட்டு வீட்டுக்காரருக்கு எளிதல்ல. வாடகைக்கு இருப்பவருக்கு நிச்சயம் இல்லை. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கிற வீட்டில் யூனிட் சேர்ந்து 500-ஐத் தாண்டும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டோ ஒன்பதோ என்று வாங்குவார். 150 யூனிட் மட்டும் எரிக்கிற குடும்பம், தனி மீட்டர் இருந்தால் 118 ரூபாயில் முடிய வேண்டியதற்கு 1,200 ரூபாய் கொடுக்கும். இலவச 100 யூனிட் யாருக்காக வந்ததோ அவர்களில் பலருக்கு அது கைக்கு எட்டவே இல்லை. கட்டண ஏற்றத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்த வாடகைக் குடித்தனங்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

பெரியம்மை வீட்டுக் கூடத்து ஃபேன் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. மீட்டர் எண்ணை வாரம் ஒரு தரம் பார்த்து நாட்காட்டியில் குறித்து வைக்கிறாள். நான் போனபோது காற்றுக் காலம் தொடங்கியிருந்தது, மேற்கே அத்தனை காற்றாடியும் ஒரே முகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. "இந்தக் காத்து சித்திரையில அடிச்சிருந்தா?" என்றாள்.